நல்ல செய்தி வேல்ச்சாமி

அட, கப்பை எதுக்கு தாயி மஞ்சப் பைக்குள்ள போட்டு அமுக்குதீக? வெளிய எடுங்க. மடியில வைங்க, நாலு பேரு பாக்கட்டும். பிள்ளை ஜெயிச்சு வாங்கிட்டு வந்திருக்கு. என்னமோ களவாண்டுட்டு வந்த மாதிரில்ல மூடுதீக!

நீ சன்னல் பக்கம் உக்காந்துக்கோ பாப்பா, காத்து வரும். நான் இந்த ஓரத்துல ஒண்டிக்கிடுதேன். உங்க தங்கச்சியா தாயி? டீச்சரா! மன்னிச்சுக்கோங்க டீச்சர். இப்ப வேலைக்கு வாரவுக எல்லாம் காலேஜ் பிள்ளைக மாதிரி இருக்கீக, அதான் மட்டுக்கட்ட முடியல. பாப்பா உங்ககிட்டதான் படிக்குதா? கவருமெண்டு பள்ளிக்கூடமா? யூனிஃபாரத்தைப் பாத்ததுமே நினைச்சேன். கொம்பங்குளத்துக்குத்தானே டிக்கெட் எடுத்தீக? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போவோம்.

எதுல ஜெயிச்சா? ஓட்டப் பந்தயமா? மாவட்டத்துல முதலா! ஏ யப்பா! டீச்சர், இது எம்புட்டுப் பெரிய சேதி தெரியுமா? பேப்பருக்குச் சொன்னீகளா? இல்லையா? கப்பையும் மூடிக்கிட்டு வாயையும் மூடிக்கிட்டுப் போனா எவனுக்குத் தெரியும்?

யாரோ ஒருத்தன் வழியில பிடிச்சுப் பேசுதானேன்னு நினைக்காதீக. ஆவாரங்குளம் ஜோதி ஸ்டுடியோ வேல்ச்சாமின்னு கேளுங்க. ஸ்டுடியோவைத் தெரியாதவன்கூட 'நல்ல செய்தி வேல்ச்சாமி'ன்னா கை காட்டிருவான். சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடத்துல ஒரு நல்லது நடந்தா, போட்டோ எடுத்து, சேதி எழுதி, எல்லாப் பேப்பர் நிருபருக்கும் செல்லுல அனுப்புறது நான்தான். யாருகிட்டயும் ஒரு டீத்தண்ணி வாங்கிக் குடிச்சதில்ல. ஒரு இது. ஒரு ஆத்ம திருப்தி.

அப்பேர்ப்பட்ட என்னைப் பாத்து ஒரு டீச்சர் என்ன சொன்னாக தெரியுமா? "அண்ணாச்சி, உங்க காலைத் தொட்டுக் கும்பிடுதேன், எங்க பள்ளிக்கூடத்தைப் பத்தி இப்போதைக்கு நல்லது எழுதாதீக"ன்னு சொன்னாக. கேட்டிருக்கீகளா இப்படி? கெட்டது எழுதாதன்னு சொல்லுவான், அது நியாயம். நல்லது எழுதாதன்னு உலகத்துல எவனாச்சும் சொல்லுவானா? நீங்களும் டீச்சர்தானே, நீங்களே சொல்லுங்க.

லில்லி புஷ்பம்னு பேரு. எங்க ஊரு ஒன்றியத் தொடக்கப் பள்ளியில எச்.எம். எச்.எம்னா என்ன, அவுக ஒண்ணு, இன்னொரு டீச்சர் ஒண்ணு, சத்துணவு ஆயா ஒண்ணு. அம்புட்டுதான் பள்ளிக்கூடம். நல்ல டீச்சர். பொய் சொல்லக் கூடாது, நல்ல டீச்சர். பிள்ளைகளுக்குப் பேன் பாத்து விடுவாக. மழை பேஞ்சா ஒழுகாத மூலையில பிள்ளைகளை உக்கார வச்சுட்டு, இவுக ஒழுகுற இடத்துல நின்னு பாடம் எடுப்பாக. ஆனா பிள்ளை சேரல. வருசா வருசம் குறையுது. ஆகஸ்ட்டுல ஆபீஸ்ல இருந்து தலையை எண்ணுவாக இல்லையா, அந்த ஆகஸ்ட்டு வந்தாலே அவுக முகம் பேயறைஞ்ச மாதிரி ஆயிரும். இன்னும் கொஞ்சம் குறைஞ்சா பூட்டிருவாகன்னு பேச்சு.

நானாத்தான் போய்ச் சொன்னேன். "டீச்சர், உங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை? வெளிய தெரியல, அதான் குறை. நம்ம நிருபர் தம்பிகளை நம்பாதீக. உங்க பள்ளிக்கூடத்துல பாம்பு பூந்துச்சுன்னா பறந்து வருவானுக. பல்லி விழுந்த சாம்பார்னா விடியுமுன்ன வருவானுக. பிள்ளை நல்லாப் படிக்குன்னு சொன்னா, 'அதுல என்ன அண்ணாச்சி சேதி இருக்கு?'ம்பானுக. நல்ல சேதியை நாமதான் சோறாக்கி, பிசைஞ்சு, ஊட்டி விடணும். நான் ஊட்டுதேன்"னு சொன்னேன். டீச்சருக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "அண்ணாச்சி, கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி வந்தீக"ன்னாக. சொன்னாக! இதே வாயாலதான் சொன்னாக!

எனக்கு ஒரு தொழில் முறை உண்டு டீச்சர். மத்தவன் மாதிரி 'மாணவி சாதனை'ன்னு மொட்டையா எழுத மாட்டேன். பிள்ளை பேரு, அப்பன் பேரு, அவன் என்ன வேலை பாக்கான், எந்தத் தெரு, எந்தக் கோயிலுக்குப் பக்கத்து வீடு, எல்லாம் இருக்கணும். அசலூர்க்காரன் படிச்சாக்கூட யாருகிட்டயும் வழி கேக்காம நேரா அந்த வீட்டு வாசல்ல வந்து நிக்கணும். அப்படி இருந்தாத்தான் சேதிக்கு உயிரு. பேரு ஊரு இல்லாத சேதி தலையில்லாத முண்டம்லா?

முதச் சேதி மாரிக்கனி. நாலாங் கிளாஸ். நாப்பதாம் வாய்ப்பாட்டைத் தலைகீழா ஒப்பிப்பா. கண்ணை மூடிக்கிட்டு, ஒரு மூச்சுல. கரும்பலகைக்கு முன்னால நிப்பாட்டி ஒரு படம் எடுத்தேன் பாருங்க, எங்க எடுத்தாலும் அப்படி அமையாது. 'தீப்பெட்டி ஆபீஸ் கூலித் தொழிலாளி குருவையாவின் மகள், காளியம்மன் கோயில் தெரு'ன்னு எழுதி அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை பேப்பர்ல கலர்ல வந்துச்சு. டீக்கடையில ஒரே பேச்சு. குருவையா அந்தப் பேப்பரைச் சட்டைப் பையிலயே வச்சுக்கிட்டு அலைஞ்சான். டீச்சர் அதை வெட்டி அட்டையில ஒட்டி வாசல்ல மாட்டினாக. பிள்ளைகளுக்கு எல்லாம் மிட்டாய்.

அந்த வாரமே பாருங்க, நல்ல செய்தியோட பலன் எப்படின்னு! பைபாஸ் ரோட்டுல ஒரு மெட்ரிகுலேஷன் இருக்கு, பேரு எதுக்கு, மஞ்ச வேனு வச்சிருப்பாகளே, அவுக. அந்த வேனு நேரா காளியம்மன் கோயில் தெருவுக்கு வந்து, குருவையா வீட்டு வாசல்ல நின்னுச்சு. யாருகிட்டயும் வழி கேக்கல! பீஸு கிடையாது, யூனிஃபாரம் இலவசம், வேனு இலவசம்னு சொல்லி மாரிக்கனியைச் சேத்துக்கிட்டாக. தீப்பெட்டி ஆபீஸ்காரன் மகளுக்கு டை கட்டிவிட்டாக டீச்சர். நான் எழுதினதுனாலதானே? எனக்கு அன்னைக்கு வந்த சந்தோசம் இருக்கே!

லில்லி டீச்சர், "பிள்ளை நல்லாருக்கட்டும் அண்ணாச்சி"ன்னாக. அம்புட்டுதான்.

அடுத்தது கருப்பசாமி. நீளம் தாண்டுறதுல வட்டார அளவுல முதலா வந்தான். எழுதினேன். வேனு வந்துச்சு. அப்புறம் சங்கரி, சண்முகின்னு ரெட்டைப் பிள்ளைக, வில்லுப்பாட்டு. எழுதினேன். வேனு வந்துச்சு. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே சீட்டு மாதிரி ஒட்டிக்கிட்டே போனாளுக. அதோட விட்டுச்சா? வேனு தெருவுக்குள்ள வரப்போகத்தான் மத்த தாய் தகப்பனுக்கும் கண்ணு தெறந்துச்சு. "குருவையா மக டை கட்டிட்டுப் போறா, நம்ம பிள்ளை மட்டும் தட்டைத் தூக்கிட்டுப் போகணுமா?"ன்னு கடனை உடனை வாங்கி அவனவன் சேத்துட்டான். ஒரு சேதியால ஒரு தெருவே முன்னேறுதுன்னா சும்மாவா?

டீச்சர் ஒருநா ஸ்டுடியோவுக்கு வந்து, "அண்ணாச்சி, பிள்ளைக பேரைப் போடாம, பள்ளிக்கூடம் நல்லாருக்கு, வந்து சேருங்கன்னு மட்டும் எழுதுங்களேன்"னாக. சரின்னு அதையும் எழுதினேன். ஊருக்குள்ள ஒருத்தனும் படிக்கல. முகம் இல்லாத சேதியை எவன் படிப்பான்? அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

ஆனா பாருங்க, மஞ்ச வேனு பள்ளிக்கூடத்துக்காரக எம்புட்டு மரியாதை தெரிஞ்சவுக! அவுக தாளாளர் என்னைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உக்கார வச்சு, "வேல்ச்சாமி சார், காலையில உங்க சேதி எந்தப் பேப்பர்ல வந்திருக்குன்னு தேடிப் பாத்துட்டுத்தான் நாங்க காப்பியே குடிப்போம்"னாரு. நான் எழுதினது ஒண்ணு விடாம வெட்டி வச்சிருக்காரு டீச்சர்! எழுதுறவனுக்கு இதைவிட என்ன வேணும்? அவுக ஆண்டு விழாவுக்கும் நான்தான் இப்ப போட்டோ.

இங்க என்னன்னா, லில்லி டீச்சர் வாசல்ல மாட்டியிருந்த அட்டையைக் கழத்தி உள்ள வச்சுட்டாக. ஏன் டீச்சர்னு கேட்டேன். "பாக்கப் பாக்க ஒப்பாரி வைக்கணும் போல இருக்கு அண்ணாச்சி"ன்னாக. என்ன பேச்சு இது? ஜெயிச்ச பிள்ளைக படம்!

சொல்ல வந்தது அது இல்ல. பேச்சியம்மா விசயம்தான் என்னை அறுக்குது. 

பேச்சியம்மா அஞ்சாங் கிளாஸ். படம் வரைவா. அவுக அம்மா தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குறதைக் கரித்துண்டால சுவர்ல வரைஞ்சிருந்தா. அந்த விரலைப் பாத்தா இப்ப அசையப்போகுதுன்னு இருக்கும். டீச்சர் அதைத் தாள்ல வரைய வச்சு எங்கயோ மாநிலப் போட்டிக்கு அனுப்ப, பரிசு வந்துருச்சு. மாநிலப் பரிசு! ஆவாரங்குளத்துக்கு! ஜூலை மாசம்.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. கேமராவைத் தூக்கிட்டு ஓடுதேன், டீச்சர் வாசல்லயே மறிக்காக. நல்ல வெயிலு. மொட்டை வெயில்ல நின்னுக்கிட்டு, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு, அப்பத்தான் சொன்னாக, "காலைத் தொட்டுக் கும்பிடுதேன்"னு. "ஆகஸ்ட்டு எண்ணிக்கை முடியட்டும் அண்ணாச்சி. இவ போனா இவ தங்கச்சி போவா. அவ போனா அந்த வளவுல குடியிருக்கிற பிள்ளைக அத்தனையும் போயிரும். அப்புறம் நான் காலிப் பெஞ்சுக்குத்தான் பாடம் எடுக்கணும். ஒரு மாசம் பொறுத்துக்கோங்க, அப்புறம் நானே கூப்பிட்டுச் சொல்லுதேன்"னாக.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நான் என்னமோ பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி! கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா டீச்சர்? அந்த நேரத்துக்குச் சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். சொன்னதென்னமோ சொன்னேன். ஆனா வீட்டுக்கு வந்தா சோறு இறங்கல. நல்ல சேதிங்கிறது ஆக்கின சோறு மாதிரி. அன்னைக்கே பரிமாறிரணும், ஒரு மாசம் வச்சிருந்தா ஊசிப் போகும். சாயங்காலம் பேச்சியம்மா வீட்டுக்கே போனேன். அந்தப் பிள்ளையைக் கரித்துண்டோட சுவர் முன்னால நிப்பாட்டினேன். அது சிரிச்சுச்சு பாருங்க, முன்பல்லு ஒண்ணு இல்லாம! அந்தச் சிரிப்பைப் பெட்டிக்குள்ள போட்டுப் பூட்டச் சொல்லுதாக லில்லி டீச்சர். இது அடுக்குமா?

எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. எல்லாத்துலயும்! 'மேல வளவு, ஊருணிக்கரை, பஞ்சவர்ணத்தின் மகள்'னு தெளிவா.

வேனு வந்துச்சு. இந்த மட்டம் வேனு இல்ல, தாளாளரே காருல வந்தாரு. டீச்சர் விசயம் கேள்விப்பட்டு ஓடி வந்திருக்காக. ஊருணிக்கரையில வச்சு, எல்லாரு முன்னாலயும், பேச்சியம்மா அம்மாகிட்ட மன்றாடுதாக. "பஞ்சவர்ணம், ஒரு மாசம் மட்டும் விடு, இவளை நான் என் பிள்ளையாப் பாத்துக்கிடுதேன்"னு. பஞ்சவர்ணம் ஒண்ணும் கத்தல. நல்ல பொம்பளை அது. நிதானமாக் கேட்டா, "டீச்சர், உங்க மகன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?"னு. 

 டீச்சர் மகன் பாளையங்கோட்டையில இங்கிலீஷ் மீடியம் படிச்ச பையன். ஊருக்கே தெரியும். டீச்சர் அப்படியே திரும்பி நடந்துட்டாக. செருப்பு ஒண்ணு அங்கயே கிடந்துச்சு. பேச்சியம்மாதான் எடுத்துட்டுப் பின்னால ஓடுனா.

ஆகஸ்ட்டுல வந்தாக, எண்ணுனாக, போனாக. அப்புறம் பூட்டிட்டாக. பக்கத்து ஊருப் பள்ளிக்கூடத்தோட சேத்தாச்சுன்னு உத்தரவு. லில்லி டீச்சரைத் தூக்கி எங்கயோ கடக்கோடிக்குப் போட்டுட்டாக. மீதி இருந்தது எல்லாம் யாரும் தேடி வராத பிள்ளைகதான். செல்லக்கிளின்னு ஒரு பிள்ளை, வாய் கொஞ்சம் திக்கும், எழுத்துக் கூட்டவே லில்லி டீச்சர் பக்கத்துல உக்காந்து கையைப் பிடிச்சு விடணும். பக்கத்து ஊருக்குப் போகணும்னா நாலு வழிச் சாலையைத் தாண்டணும், லாரி பறக்குது. அவுக அம்மா அனுப்பல. என் ஸ்டுடியோவுக்கு எதிர்த்தாப்புலதான் தம்பிப் பயலை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு நிக்கும். என்னைப் பாத்தா, படம் பிடிங்கன்னு கையைக் காட்டும். பாவம்தான். ஆனா அதைப் பத்தி எழுத நல்ல சேதி ஒண்ணும் இல்லையே டீச்சர், நான் என்ன செய்வேன்?

போற அன்னைக்கு லில்லி டீச்சர் பஸ்ஸுக்கு நின்னாக. நான் மனசு கேக்காமப் போயி, "போயிட்டு வாங்க டீச்சர்"னேன். என்னையே பாத்தாக. திட்டுவாகன்னு நினைச்சேன், திட்டல. "அண்ணாச்சி, எங்க பள்ளிக்கூடத்துல பாம்பு பூந்துச்சுன்னு நீங்க எழுதியிருக்கலாம். பள்ளிக்கூடம் பிழைச்சிருக்கும்"னாக. 

என்னத்தச் சொல்ல! பாம்புன்னு எழுதினா எவன் பிள்ளையை அனுப்புவான்? பாவம், கவலையில புத்தி கொஞ்சம் பிசகிப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். ஆனா அந்த வார்த்தை உள்ள கிடந்து முள்ளாக் குத்துது. தொண்டையில மீன் முள்ளு மாட்டுன மாதிரி, முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல. நல்லது செஞ்சவனுக்குக் கிடைச்ச பேரைப் பாத்தீகளா?

அப்பயும் நான் விடல. பூட்டின கட்டடம் சும்மா கிடக்கேன்னு ரேஷன் கடையை அங்க மாத்துனாக. அதுக்கும் போட்டோ எடுத்து, 'நீண்ட நாள் கோரிக்கை நிறைவேறியது, கிராம மக்கள் மகிழ்ச்சி'ன்னு எழுதினேன். நல்லா வந்திருந்துச்சு. பின்னால கரும்பலகை தெரிஞ்சுச்சு, அதுல சீனி, பாமாயில்னு எழுதியிருந்தாக. லில்லி டீச்சர் இருக்கிற ஊருலயும் அந்தப் பேப்பர் போகும். படிச்சிருப்பாக. ஒரு போன் போட்டு நல்லாருக்குன்னு சொல்லல.

கொம்பங்குளத்துக்கு எதுக்குப் போறேன்னு சொல்லலையே. நம்ம மஞ்ச வேனுக்காரக அங்க புதுக் கிளை திறக்காக. ஆமா, உங்க ஊருலதான்! பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ரெண்டு மாடிக் கட்டடம். நாளைக்குத் திறப்பு. "வேல்ச்சாமி சார், கொம்பங்குளம் பக்கத்து நல்ல சேதியையும் இனிமே நீங்களே பாத்துக்கோங்க"ன்னு தாளாளர் சொல்லியிருக்காரு. வந்து இறங்குமுன்ன முதச் சேதி மடியிலயே வந்து உக்காந்திருக்கு பாருங்க!

எங்க, பாப்பா, கப்பை எடு. நெஞ்சுக்கு நேரா பிடி. பல்லு தெரியச் சிரி. ஏன் டீச்சர், ஏன் கையை வச்சு மறைக்கீக? படம் வேண்டாமா? சரி, கூச்சமா இருந்தா படத்தை அப்புறம் எடுத்துக்கிடுவோம். பேரை மட்டும் சொல்லு பாப்பா. அப்பா பேரு? என்ன வேலை பாக்காக? எந்தத் தெரு?

எங்க எந்திரிக்கீக? இது கொம்பங்குளம் இல்ல டீச்சர், முள்ளுக்காட்டு விலக்கு. இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கிடக்கு. கண்டக்டர் தம்பி, விசில் ஊதாத, ஊரு தெரியாம இறங்குதாக! டீச்சர்! இங்க நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, அடுத்த பஸ்ஸு எப்ப வருமோ! நான் என்ன தப்பாக் கேட்டுப்புட்டேன்? ஏ பாப்பா! ஜெயிச்ச பிள்ளை பேரு சொல்லாமப் போலாமா? ஊரே உன்னைப் பாக்க வேண்டாமா?

பாருங்க, திரும்பிட்டா! டீச்சர் கையை உதறிட்டுப் பஸ் பின்னாலயே ஓடி வாரா! என்னா ஓட்டம்! ஏ யப்பா, சும்மாவா மாவட்டத்துல முதலு! சத்தமாச் சொல்லு தாயி, இஞ்சின் சத்தம்! என்னது? ராமுத்தாயா? அப்பா மாடசாமியா? எந்தத் தெரு? தெரு பேரு? கேட்டுச்சு, கேட்டுச்சு! பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாடியா? கேட்டுச்சு தாயி!

கண்டக்டர் தம்பி, ஒரு பேனா இருந்தாக் கொடு. மறந்துருமுன்ன எழுதிக்கிடுதேன்.